ரூட் 66இல் இருவர்: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

சிகாகோ நகரில் ஆடம்ஸ் தெருவும் மிச்சிகன் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில், கம்பத்தில் உயரமாக மாட்டப்பட்ட ஒரு பழுப்பு நிறப் பலகை ரூட் 66இன் தொடக்கத்தைக் காட்டுகிறது. அங்கிருந்து இல்லினாய், மிசௌரி, கான்சஸ், ஓக்லஹோமா, டெக்சஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா, கலிஃபோர்னியா என எட்டு மாநிலங்களைக் கடந்து, 2,448 மைல் தொலைவில், கடற்கரை நகரான சாண்டா மோனிகாவில் இந்தச் சாலை முடிகிறது. கிலோமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 3,940. கணவனும் மனைவியுமாக இதில் முதன்முறை செல்ல எண்ணுவோர் எதை முதலில் முடிவு செய்ய வேண்டும், எதற்கு ஆயத்தமாக வேண்டும், எங்கே நேரம் செலவிட வேண்டும் என்பதை, நானும் என் மனைவியும் ஒரு செப்டம்பர் மாதத்தில் பதினெட்டு நாள் எடுத்துக்கொண்டு ஓட்டி முடித்த அனுபவத்திலிருந்து வரிசையாக எழுதுகிறேன்.

எந்தச் சாலையில் போகிறோம்

காரை முன்பதிவு செய்வதற்கு முன்பே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்: அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பட்டியலில் ரூட் 66 இன்று இல்லை. 1926 நவம்பர் 11 அன்று எண்ணிட்ட நெடுஞ்சாலைகளின் வலையமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, ஓக்லஹோமாவின் துல்சா நகரைச் சேர்ந்த சைரஸ் ஏவரி முன்னின்று தம் ஊர் வழியாகச் செல்லும்படி இந்தப் பாதையை அமைத்துக்கொடுத்தார். அவர் கேட்ட எண் 60. கென்டக்கி மாநிலம் அந்த எண்ணை விட்டுக்கொடுக்க மறுத்ததால் 66 வந்தது. முழு நீளத்துக்கும் தளம் போட்டு முடிக்க 1938 ஆயிற்று. அதற்குள்ளாகவே, வறட்சியாலும் புழுதிப் புயல்களாலும் நிலத்தை இழந்த ஓக்லஹோமா விவசாயிகள் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவை நோக்கி இதே சாலையில்தான் போனார்கள். 1956இல் வந்த சட்டத்தின்படி இன்டர்ஸ்டேட் எனும் பல வழித்தட விரைவுச் சாலைகள் போடப்பட்டு, பழைய சாலை ஊர் ஊராக ஒதுக்கப்பட்டது. கடைசியாக ஒதுக்கப்பட்ட ஊர் அரிசோனாவின் வில்லியம்ஸ், 1984 அக்டோபர் 13 அன்று. மறு ஆண்டு ஜூன் 27 அன்று ரூட் 66 பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

ஆகவே நீங்கள் ஓட்டப்போவது ஒரே கோடாக நீளும் சாலை அன்று. துண்டு துண்டாக எஞ்சியிருப்பதைக் கோத்துக் கோத்துச் செல்லும் பயணம். ஓரிடத்தில் அது ஊரின் கடைத்தெருவாக இருக்கும். அடுத்த பத்து மைல் இன்டர்ஸ்டேட்டை ஒட்டி ஓடும் அணுகுசாலையாக இருக்கும். பின்னர் இன்டர்ஸ்டேட்டின் அடியிலேயே புதைந்து போயிருக்கும். வேறோரிடத்தில் முள்வேலி ஒன்றின் முன்னே நின்றுவிடும். இதோடு, சாலையின் தடம் பலமுறை மாற்றப்பட்டிருப்பதால், ஒரே ஊருக்கு 1926இன் வழி, 1930களின் வழி, போருக்குப் பிந்தைய வழி என இரண்டு மூன்று ரூட் 66கள் உண்டு. புதியவர்கள் எல்லாத் தடங்களையும் தொட்டுவிட முயல வேண்டாம். ஒவ்வோரிடத்திலும் எது நன்றாக ஓட்டக்கூடியதோ அதை எடுத்துக்கொண்டு மேலே செல்வதே போதும்.

எப்போது, எத்தனை நாள்

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பரிலிருந்து அக்டோபர் நடுவரையும் ஏற்ற காலங்கள். வசந்தத்தில் மிசௌரி, ஓக்லஹோமா, டெக்சஸ் பகுதிகளில் சூறாவளிச் சுழற்காற்று எழும்பும் என்பதால் வானிலை எச்சரிக்கையைத் தினமும் பார்க்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டையும் தாண்டும்; அதே மாதங்களில் அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் பிற்பகல் மழை கொட்டி, வறண்ட ஓடைகள் நிமிடங்களில் பெருக்கெடுக்கும். குளிர்காலத்தில், 7,000 அடி உயரத்தில் இருக்கும் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் பனி பொழியும். சிற்றூர்களின் அருங்காட்சியகங்கள் பல மூடியிருக்கும். அக்டோபர் முதல் பாதியில் நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கியில் பலூன் திருவிழா நடப்பதால் அங்கே அறை கிடைப்பது அரிது. அதைக் காண விரும்பாவிட்டால் அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பதினான்கு நாளுக்குக் குறைவாக விடுப்பு இருந்தால் முழுச் சாலையையும் எண்ணாமல், ஆல்புகெர்க்கியிலிருந்து சாண்டா மோனிகா வரையிலான மேற்குப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. நாங்கள் பதினெட்டு நாளை இப்படிப் பிரித்தோம்: இல்லினாய்க்கும் மிசௌரிக்கும் இரண்டிரண்டு நாள், கான்சஸுக்கு அரை நாள், ஓக்லஹோமாவுக்கு மூன்று, டெக்சஸுக்கு ஒன்றரை, நியூ மெக்சிகோவுக்கு மூன்று, கிராண்ட் கேன்யன் உட்பட அரிசோனாவுக்கு நான்கு, கலிஃபோர்னியாவுக்கு இரண்டு. ஒரு நாளில் 200 மைலுக்கு மேல் ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். இன்டர்ஸ்டேட்டில் மூன்று மணி நேரத்தில் போகும் தொலைவுதான் அது. பழைய சாலையில், ஊருக்கு ஊர் வேகம் குறைந்து, பத்து இடத்தில் இறங்கி ஏறினால், காலை ஒன்பதுக்குப் புறப்பட்டவர்கள் மாலை ஐந்துக்குத்தான் போய்ச் சேர்வார்கள்.

கார்

திறந்த மேற்கூரைக் காரின் மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் பாலைவன வெயிலில் கூரையைத் திறந்து அரை மணி நேரம் கூட இருக்க முடியாது என்பதையும், இரண்டு பெரிய பெட்டிகள் அதன் பின்பக்கத்தில் அடங்காது என்பதையும் எண்ணிப் பார்த்தால், நடுத்தர அளவுள்ள சாதாரணக் காரே இந்தப் பயணத்துக்குப் பொருத்தம். முன்பதிவின்போது நான்கு கேள்விகளுக்கு எழுத்து மூலம் விடை வாங்கிக்கொள்ளுங்கள்: மைல் வரம்பு உண்டா, ஓரூரில் எடுத்து வேறூரில் விடுவதற்கான கட்டணம் சொன்ன தொகைக்குள் அடங்குமா, இரண்டாவது ஓட்டுநருக்குத் தனிக் கட்டணமா, காருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பும், பிறருக்கு ஏற்படும் இழப்புக்கான காப்பும் இரண்டும் சேர்ந்திருக்கின்றனவா. எங்களுக்கு, வேறூரில் விடும் கட்டணம் தனி என்பது சாவியை வாங்கும் மேசையில்தான் தெரியவந்தது. ஒரு வாரத் தங்கும் செலவு அதிலேயே போயிற்று. வாழ்க்கைத் துணைக்குக் கூடுதல் ஓட்டுநர் கட்டணம் வாங்காத நிறுவனங்கள் உண்டு, ஆகவே கேட்காமல் விட்டுவிடாதீர்கள். இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் காப்பு செல்லாமல் போகும்.

இந்தியாவிலிருந்து சுற்றுலாவாக வருபவர்கள், ஆங்கிலத்தில் அச்சிட்ட ஓட்டுநர் உரிமத்தோடு, பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் புறப்படுவதற்கு முன்பே தங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடும். நாற்புறமும் நிறுத்தப் பலகை உள்ள சந்திப்பில் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மின்னவிட்டு நின்றால் அதைத் தாண்டக் கூடாது. காவலர் பின்னால் விளக்கைப் போட்டால், வலப்பக்கம் ஒதுக்கி நிறுத்தி, காரை விட்டு இறங்காமல், கைகளை ஸ்டீயரிங்கின் மேல் வைத்துக் காத்திருக்க வேண்டும். சிற்றூர் எல்லையில் வேக வரம்பு 55இலிருந்து 30க்குத் திடீரென இறங்கும். பலகையைக் கண்ட கணமே குறைத்துவிடுங்கள்.

பெட்ரோல் கணக்கு எளிது. சுற்று வழிகளையும் சேர்த்து 3,000 மைல் என்று வைத்து, காலனுக்கு 30 மைல் ஓடும் காராக இருந்தால், 100 காலன் வேண்டும். ஒரு காலன் 3.785 லிட்டர். எட்டு மாநிலங்களில் விலை மிகுதியாக இருப்பது கலிஃபோர்னியாவில் என்பதால், அரிசோனா எல்லையிலேயே தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். பம்ப்பில் அட்டையைச் செருகினால் அமெரிக்க அஞ்சல் குறியீட்டைக் கேட்கும். வெளிநாட்டு அட்டை அங்கே வேலை செய்யாவிட்டால், உள்ளே சென்று பம்ப் எண்ணைச் சொல்லிப் பணம் கட்டலாம். ஸ்டெப்னி டயர் இருக்கிறதா என்பதைக் காரை எடுக்கும்போதே திறந்து பாருங்கள். இப்போது வரும் கார்கள் பலவற்றில் அது இருப்பதில்லை.

சிகாகோவைச் சுற்றிப் பார்க்க விரும்பினால், பார்த்து முடித்த பிறகு காரை எடுங்கள். அங்கே நாள் முழுதும் நிறுத்தி வைப்பதற்கான கட்டணம் தங்கும் அறைக்கு இணையாகப் போகும்.

பக்கத்து இருக்கையின் வேலை

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். ரூட் 66இல் வழியைக் கண்டுபிடிப்பவர் ஓட்டுநர் அல்லர், பக்கத்தில் அமர்ந்திருப்பவர். கைபேசி வரைபடத்தில் சேருமிடத்தைக் கொடுத்தால், அது உங்களை எப்போதும் இன்டர்ஸ்டேட்டில்தான் ஏற்றிவிடும். விரைவான வழி அதுதான் என்பதே அதன் கணக்கு. பழைய சாலையில் செல்ல வேண்டுமானால், திருப்பத்துக்குத் திருப்பம் எழுதிக் கொடுக்கும் அச்சு வழிகாட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த திருப்பம் வரும் முன்பே வாய்விட்டுப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். வரைபடங்களைக் கைபேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே செல்லச் செல்ல அலைவரிசை இல்லாத நீண்ட இடைவெளிகள் வரும்.

இரண்டாம் நாள், இல்லினாயின் ஒரு மக்காச்சோளக் காட்டருகே, "நிறுத்துங்க, பலகை பின்னாடி போயிடுச்சு" என்று என் மனைவி சொன்னார். "அடுத்ததுல திரும்பிக்கலாம்" என்று நான் ஓட்டிக்கொண்டே போனேன். அடுத்தது பதினோரு மைல் தள்ளி வந்தது. அன்றிரவு உட்கார்ந்து மூன்று விதிகள் எழுதிக்கொண்டோம், அவை கடைசிவரை எங்களைக் காத்தன. பெட்ரோல் போடும்போதெல்லாம் இருக்கையை மாற்றிக்கொள்வது. "நிறுத்து" என்ற சொல்லுக்கு முழு உரிமை பக்கத்து இருக்கைக்கே, காரணம் கேட்காமல் ஓரங்கட்டிவிட்டுப் பிறகு பேசுவது. மாலை நான்கு மணிக்குமேல் புதிய சுற்றுவழி எதையும் தொடங்காதிருப்பது. களைப்பும் பசியும் சேர்ந்த நேரத்தில் வழி தவறுவதுதான் இருவருக்குள் சச்சரவை மூட்டுகிறது என்பதை, நீண்ட பயணம் போன எல்லாத் தம்பதியரும் அறிவார்கள். மூன்றாவது விதி அதற்காகவே.

தங்குமிடம்

முதல் இரவையும், வார இறுதி இரவுகளையும், பெயர்பெற்ற பழைய மோட்டல்களையும் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, மற்ற இரவுகளை அன்று நண்பகலில் முடிவு செய்வதே எங்களுக்குச் சரியாக அமைந்தது. எல்லா இரவையும் பதிவு செய்துவிட்டால், பிடித்த ஊரில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்க முடியாது. நியூ மெக்சிகோவின் டுகம்காரியில் உள்ள புளூ ஸ்வாலோ, அரிசோனாவின் ஹோல்புரூக்கில் உள்ள விக்வாம், மிசௌரியின் கியூபாவில் 1930களிலிருந்து நடக்கும் வேகன் வீல் ஆகியவற்றில் அறைகள் குறைவு. பல மாதங்களுக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். சாலையோரத்துச் சிறு மோட்டல்கள் பலவற்றைக் குஜராத்திக் குடும்பங்கள் தலைமுறையாக நடத்திவருகின்றன. வரவேற்பறையில் ஊதுவத்தி மணத்தால் அதை நாங்கள் அறிந்துகொண்ட ஊர்கள் இரண்டு. எந்த மோட்டலிலும் பணம் கட்டும் முன் அறையைக் காட்டச் சொல்லிக் கேட்பது இங்கே வழக்கம்தான்; கூச்சப்பட வேண்டாம்.

சாப்பாடு

சைவ உணவு உண்போர் சிகாகோவின் டெவோன் அவென்யூவில் ஒரு வாரத்துக்கான ஊறுகாய், பொடி, உடனடி உப்புமா, அவல் ஆகியவற்றை வாங்கிவிடலாம். மோட்டல் அறையில் அடுப்பு மூட்டத் தடை உண்டு. ஆனால் மைக்ரோவேவும் குளிர்பெட்டியும் பெரும்பாலும் இருக்கும். சிற்றூர் டைனர்களில் முட்டை, உருளைக்கிழங்கு, ரொட்டி, பழக்கூழ் வைத்துச் சுட்ட பை எனும் பணியாரம் ஆகியவை நாள் முழுதும் கிடைக்கும். நியூ மெக்சிகோவில் பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வேகவைப்பதும், மிளகாய்க் குழம்பில் இறைச்சி சேர்ப்பதும் உண்டு என்பதால் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்த மாநிலத்தில் "சிவப்பா, பச்சையா" என்று கேட்பார்கள், எந்த மிளகாய் வேண்டும் என்பதே கேள்வி. இரண்டும் வேண்டுமென்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொல்ல வேண்டும். இன்டர்ஸ்டேட் 40இன் லாரி நிறுத்தங்களில், பஞ்சாபி ஓட்டுநர்களுக்காகத் தொடங்கிய தாபாக்கள் சில உள்ளன. பதினோராம் நாள் அப்படி ஓரிடத்தில் சூடான ரொட்டியும் பருப்பும் தட்டில் வந்தபோது, நாங்கள் இருவரும் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சிகாகோ முதல் கான்சஸ் வரை

இல்லினாயில் பான்டியாக் ஊரின் அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். சாலையின் வரலாறு அங்கே ஒழுங்காக விளங்கிவிடும். ஸ்ப்ரிங்ஃபீல்டில் லிங்கனின் வீடும் கல்லறையும் அரை நாள் கேட்கும். அதற்குத் தெற்கே ஆபர்ன் அருகில் 1.4 மைல் நீளத்துக்கு, 1931இல் பதித்த செங்கல் சாலை அப்படியே இருக்கிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு இருபது மைல் வேகத்தில் செல்லுங்கள். டயருக்கு அடியில் செங்கல் இடுக்குகள் எழுப்பும் ஓசை, தறி ஓடும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதை நினைவூட்டும். மிசிசிப்பி ஆற்றின் மேல், நடுவில் 22 டிகிரி வளைந்து செல்லும் செயின் ஆஃப் ராக்ஸ் பாலம் 1929இல் திறந்தது. இன்று நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் மட்டுமே. இல்லினாய்ப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து போய் வரலாம்; காருக்குள் பை, கேமரா எதையும் வெளியே தெரியும்படி வைக்க வேண்டாம்.

மிசௌரியில் செயின்ட் லூயிஸின் 630 அடி உயர வளைவு, ஸ்டான்டனின் மெரமெக் குகைகள், கியூபாவின் சுவரோவியங்கள், கார்தேஜ் என்று போகலாம். கான்சஸில் இந்தச் சாலை பதின்மூன்று மைல்தான். ஆயினும் ரிவர்ட்டனைத் தாண்டி வரும் 1923ஆம் ஆண்டின் வெண்ணிற வளைவுப் பாலத்தைப் பார்க்காமல் கடந்துவிடாதீர்கள்.

ஓக்லஹோமா

பழைய சாலை மிக நீளமாக எஞ்சியிருக்கும் மாநிலம் இதுதான். 400 மைலுக்கு மேல் ஓட்டலாம். அவசரப்படுவோர் இணையாகச் செல்லும் சுங்கச் சாலையில் ஏறிவிடுகிறார்கள். அங்கே பணம் வாங்கும் சாவடி இல்லாமல் வண்டி எண்ணைப் படமெடுத்துக் கட்டணம் அனுப்புவதால், வாடகை நிறுவனம் அதன் மேல் தன் கட்டணத்தையும் சேர்க்கும். பழைய சாலையில் சென்றால் இந்தத் தொல்லையே இல்லை.

மயாமி என்று எழுதி உள்ளூரார் "மயாமா" என்று உச்சரிக்கும் ஊருக்கும் ஆஃப்டனுக்கும் நடுவே, ஒன்பதே அடி அகலமுள்ள ஒரு சாலை இருக்கிறது. 1922 அளவில் போட்டது. கையில் இருந்த பணத்துக்கு இரண்டு வழித்தடமாகப் பாதி தூரம் போடுவதா, ஒன்றாக முழுத் தூரமும் போடுவதா என்று யோசித்து இப்படிப் போட்டார்கள் என்பது வட்டாரத்தில் சொல்லப்படும் கதை. தளத்தின் இரு ஓரமும் கான்கிரீட் விளிம்பு. நடுவில் பெயர்ந்த தாரும் சரளையும். எதிரே வண்டி வந்தால் இருவரும் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் கடக்க வேண்டும். மழை பெய்திருந்தால் இதில் நுழையாதீர்கள். நாங்கள் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அரை மைல் நடந்தோம். இரண்டு பேர் கைகளை நீட்டி நின்றால் சாலையின் இரு விளிம்பையும் தொட்டுவிடலாம், அவ்வளவுதான் அகலம். இதன் மேல்தான் குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தோடு மேற்கே போயின.

கடூசாவின் நீலத் திமிங்கிலத்தில் தம்பதியர் கட்டாயம் இறங்க வேண்டும். திமிங்கிலப் பொம்மைகளைச் சேர்த்து வந்த தம் மனைவி செல்டாவுக்குத் திருமண நாள் பரிசாக, ஹியூ டேவிஸ் என்பவர் 1970களின் தொடக்கத்தில் குளத்தின் நடுவே கம்பியும் கான்கிரீட்டும் கொண்டு 80 அடி நீளத்தில் கட்டிய திமிங்கிலம் அது. வாய் வழியாக உள்ளே நடந்து போகலாம்.

துல்சாவில் சைரஸ் ஏவரியின் நினைவாக அமைந்த வளாகத்தோடு, கிரீன்வுட் பகுதிக்கும் செல்லுங்கள். 1921இல் கறுப்பின மக்களின் அந்தக் குடியிருப்பு வெள்ளையர் கும்பலால் எரிக்கப்பட்டது. இந்தச் சாலை எல்லோருக்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. இருட்டுவதற்குள் கறுப்பினத்தவர் வெளியேறிவிட வேண்டும் என்ற ஊர்கள் இதன் ஓரத்தில் இருந்தன. லூதர் அருகே கறுப்பினக் குடும்பம் ஒன்று நடத்திய திரெட் பெட்ரோல் நிலையத்தின் கல் கட்டடம் இன்றும் நிற்கிறது. அவர்கள் எங்கே பெட்ரோல் போட்டிருப்பார்கள், எங்கே தூங்கியிருப்பார்கள் என்று அதன் முன் நின்று எண்ணிப் பார்த்த பிறகுதான் இந்தச் சாலையை நான் முழுமையாகப் பார்த்ததாகக் கருதுகிறேன். ஆர்காடியாவின் 1898ஆம் ஆண்டு வட்டக் களஞ்சியமும், கிளிண்டனின் அருங்காட்சியகமும் அதற்குப் பிறகு வரும்.

டெக்சஸும் நியூ மெக்சிகோவும்

டெக்சஸை ஒன்றரை நாளில் முடிக்கலாம். ஷாம்ராக்கின் 1936ஆம் ஆண்டு கோபுரப் பெட்ரோல் நிலையம், அமரில்லோவுக்கு மேற்கே 1974இல் மண்ணில் தலைகீழாகப் புதைத்த பத்து காடிலாக் கார்கள், இரு முனைக்கும் 1,139 மைல் என்று பலகை சொல்லும் ஏட்ரியன். காடிலாக்குகளின் மேல் யார் வேண்டுமானாலும் வண்ணம் பீய்ச்சலாம். பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கள், காலிக் குப்பிகளைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.

எல்லையில் உள்ள கிளென்ரியோ ஆளற்ற ஊர். அங்கிருந்து மேற்கே சான் ஹோன் வரை பழைய தடம் வெறும் சரளைச் சாலை. வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தளமிடாத சாலையில் ஓட்டுவதைத் தடுக்கின்றன. முதல் நாள் மழை பெய்திருந்ததால், சிறிது தூரத்திலேயே சிவந்த சேறு எங்கள் சக்கரங்களைப் பற்றிக்கொண்டது. பின்னோக்கி ஓட்டி வெளியே வர இருபது நிமிடம் ஆயிற்று. நீங்கள் இன்டர்ஸ்டேட்டிலேயே போய்விடுங்கள். இந்த எல்லையில் கடிகாரம் ஒரு மணி பின்னே போகும்.

டுகம்காரிக்கு மாலை வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேரும்படி அன்றைய நாளைத் திட்டமிடுங்கள். புளூ ஸ்வாலோ மோட்டலை 1958இல் ஃபிளாய்ட் ரெட்மன் தம் வருங்கால மனைவி லிலியனுக்கு நிச்சயதார்த்தப் பரிசாக வாங்கிக்கொடுத்தார். லிலியன் அதைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். அறைக்கு வெளியே இரும்பு நாற்காலிகள் போட்டிருக்கும். வெயில் இறங்கி வானம் ஊதா நிறமாகும் நேரத்தில், முதலில் மெல்லிய ரீங்காரம் கேட்கும். அடுத்த நொடி மோட்டல் பலகையின் நியான் விளக்குக் குழாய்கள் இரண்டு மூன்று முறை துடித்து, அதிலுள்ள நீலப் பறவை ஒளிர்ந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே அந்த ஊர்.

சான்டா ரோசாவுக்குப் பிறகு ஒரு முடிவு எடுக்க வேண்டும். 1937க்கு முந்தைய தடம் வடக்கே சான்டா ஃபேக்குச் சுற்றிச் செல்லும். பிந்தையது நேராக ஆல்புகெர்க்கிக்கு. ஒரு நாள் கூடுதலாக இருந்தால் சுற்று வழியையே எடுங்கள். ஆல்புகெர்க்கியில் சென்ட்ரல் அவென்யூவும் நான்காம் தெருவும் சந்திக்கும் இடத்தில் இந்த இரு தடங்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால், ரூட் 66 தன்னைத்தானே கடக்கும் மூலை என்று அதைச் சொல்வார்கள். அதற்கு மேற்கே பழங்குடி மக்களின் நிலங்கள் வழியாகச் செல்வீர்கள். ஊருக்குள்ளும் வழிபாட்டு இடங்களிலும் அனுமதி பெறாமல் படமெடுக்கக் கூடாது.

அரிசோனா

இந்த மாநிலம் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. நவஹோ நிலப்பகுதி மட்டும் மாற்றும். நேரம் குறித்த நுழைவுச் சீட்டு ஏதேனும் எடுத்திருந்தால் இதைக் கவனியுங்கள்.

பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவுக்குள் பழைய தடத்தின் மேல் 1932ஆம் ஆண்டின் துருப்பிடித்த ஸ்டூடிபேக்கர் கார் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். அருகே பழைய தந்திக் கம்பங்கள் மட்டும் வரிசையாக நின்று, சாலை போன திசையைக் காட்டுகின்றன. அங்கே கிடக்கும் கல்லான மரத்துண்டு ஒன்றையும் எடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். பின்னர் ஹோல்புரூக், விண்ஸ்லோ, விண்கல் விழுந்த பெரும்பள்ளம், ஃபிளாக்ஸ்டாஃப். வில்லியம்ஸிலிருந்து கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு ஏறத்தாழ 60 மைல். இரண்டு இரவு ஒதுக்குங்கள்.

செலிக்மன் ஊரில் சற்று நின்று நடந்து பாருங்கள். 1978இல் இன்டர்ஸ்டேட் வந்து இந்த ஊரை ஒதுக்கியபோது கடைத்தெரு ஒரே நாளில் ஓய்ந்துபோனது. அங்கே முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஏஞ்சல் டெல்காடியோ, 1987இல் ஊராரைக் கூட்டிச் சங்கம் அமைத்து, இந்தச் சாலைக்கு வரலாற்றுச் சாலை என்ற தகுதியை மாநில அரசிடமிருந்து பெற்றார். மற்ற மாநிலங்களின் சங்கங்கள் அதைப் பின்பற்றி எழுந்தன. நாம் இன்று பழுப்புப் பலகைகளைப் பார்த்து வழி கண்டுபிடிக்கிறோம் என்றால் அதற்கு அந்த முடிதிருத்துநருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

செலிக்மனிலிருந்து கொலராடோ ஆறு வரை, அறுபடாமல் ஏறத்தாழ 158 மைல் பழைய சாலை கிடைக்கிறது. வேறெங்குமே இவ்வளவு நீளம் அறுபடாமல் இல்லை. கிங்மனுக்கு அப்பால் சிட்கிரீவ்ஸ் கணவாய் ஊசி வளைவுகளால் ஆனது. பல இடங்களில் ஓரத்தில் தடுப்புச் சுவர் இல்லை. வெளிச்சத்தில், தாழ்ந்த கியரில், பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்காமல் இறங்குங்கள். உயரத்துக்கு அஞ்சுபவர் எவரோ அவரே ஓட்டட்டும்; ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்குப் பள்ளத்தைப் பார்க்க நேரமிருக்காது. என் மனைவி அப்படித்தான் ஓட்டினார், ஓட்மனில் இறங்கும்வரை நான் வாய் திறக்கவில்லை. ஓட்மனில் தங்கச் சுரங்கக்காரர்கள் விட்டுச்சென்ற கழுதைகளின் வழிவந்தவை தெருவில் திரிகின்றன. ஒன்று எங்கள் ஜன்னலுக்குள் தலையை விட்டு, வழிகாட்டி நூலின் மூலையைச் சுவைத்துப் பார்த்தது. கண்ணாடியை ஏற்றியே வையுங்கள். குட்டிகளுக்குத் தீனி தரக் கூடாது.

பாலைவனமும் கடலும்

நீடில்ஸில் தொட்டியை நிரப்பி, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன் என்ற கணக்கில் தண்ணீர் ஏற்றிக்கொண்ட பிறகே மொஹாவியில் நுழைய வேண்டும். ஆம்பாய் வழியே செல்லும் பழைய தடத்தில், வெள்ளத்தால் சேதமான மரப்பாலங்களுக்காகச் சில பகுதிகள் பல ஆண்டுகளாக மூடப்பட்டு வருகின்றன. சான் பெர்னார்டினோ மாவட்டச் சாலைத் துறையின் அறிவிப்பை முதல் நாள் இரவே பார்த்து, எந்த வெளியேறும் வழியில் இறங்கி எதில் ஏறுவது என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தடுப்பைச் சுற்றிக்கொண்டு போக முயல வேண்டாம். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடந்து போகாமல், அதன் நிழலிலேயே காத்திருக்க வேண்டும்.

பார்ஸ்டோவுக்குப் பிறகு கஹோன் கணவாய் இறங்கினால் நெரிசல் தொடங்கிவிடும். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை காலையாக அமைந்தால் மிக நல்லது. பாசடினாவில் 1913ஆம் ஆண்டின் கொலராடோ தெருப் பாலத்தைப் பார்த்துவிட்டு, 1940இல் திறந்த அரோயோ செக்கோ பார்க்வேயில் ஏறுவீர்கள். அதன் நுழைவாயில்களில் நிறுத்தப் பலகை இருக்கும். வேகமெடுக்க இடமே இருக்காது. போதிய இடைவெளி வரும்வரை காத்திருந்து, ஒருமுறை துணிந்து மிதித்து ஏறிவிட வேண்டும். பின்னாலிருப்பவர் ஒலி எழுப்பினால் பொருட்படுத்தாதீர்கள்.

முறைப்படி ரூட் 66 முடிந்தது சாண்டா மோனிகாவின் லிங்கன் பூல்வார்டும் ஒலிம்பிக் பூல்வார்டும் சந்திக்கும் சந்திப்பில். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. எல்லோரும் படமெடுத்துக்கொள்ளும் "பாதையின் முடிவு" பலகை 2009இல் கடல்மேல் நீளும் மரப் பாலத்தில் வைக்கப்பட்டது. காரை அருகிலுள்ள அடுக்கு நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடந்து போங்கள். பலகைக்கு முன் எப்போதும் வரிசை நிற்கும். உங்களுக்கு முன்னால் நிற்கும் தம்பதியைப் படமெடுத்துக் கொடுங்கள், உங்களை அவர்கள் எடுப்பார்கள். பிறகு பாலத்தின் கடைசிவரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து, வாடகைக் காரை விடும் நேரத்துக்கு இரண்டு மணி முன்பாகவே புறப்படுங்கள்; லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்துக்கு அங்கிருந்து சில மைல்தான் என்றாலும், நெரிசலில் ஒரு மணி நேரம் பிடிக்கும்.